பதினெட்டு மணிக்கா, பதினெட்டு மணி நேரமா

விமானத் தபால் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஒழுங்காகச் செய்த வேலைகளைப் பற்றிச் சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தேன். அவற்றில் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. சரியாகப் போய்ச் சேர்ந்த கடிதத்தை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? நான் குழம்பிப் போய் நின்ற நாள்கள்தான் மனசில் தங்கியிருக்கின்றன. அதில் ஒன்றைச் சொல்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகும். நீங்கள் சிரித்துக்கொள்ளலாம், ஊரே சிரித்து முடித்த கதைதான்.

அப்போது எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. வில்லியனூர் கொம்யூன் என்கிற வட்டாரத்தில் ஒரு சின்னத் தபால் ஆபீஸ். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். ரயில் நிற்கும் ஊர், அவ்வளவு போதும். முத்திரை குத்துவது, தந்தி எழுதுவது, டெலிபோன் எடுப்பது, பெருக்குவது எல்லாம் நான் ஒருவனே. வயசு முப்பது. எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வயசு.

எங்கள் ஊர்ப் பக்கத்துச் சங்கதி ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சு எல்லையும் பிரிட்டிஷ் எல்லையும் அங்கே ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு கிடக்கும். தவளக்குப்பத்தைத் தாண்டி பாகூர்ப் பக்கம் நடந்தால் கொஞ்ச தூரம் கிலோமீட்டர் கல் வரும், அப்புறம் மைல் கல் வரும், மறுபடியும் கிலோமீட்டர் கல். ஜனங்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. எல்லாமே அவர்களுக்குக் கல்தான். "இன்னா, நாலு கல்லு இருக்கும்" என்பார்கள். எந்தக் கல் என்று கேட்டால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நானும் அந்தக் காற்றிலேயே வளர்ந்தவன்.

இனி கதைக்கு வருகிறேன். ஆள்களின் பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். கதையைச் சொல்லிக்கொள்ளச் சம்பந்தப்பட்ட பெண்ணே பிற்காலத்தில் எனக்கு அனுமதி கொடுத்தாள். "சொல்லுங்கண்ணா, இனிமே எனக்கு இன்னா வந்துடப் போவுது" என்றாள்.

அந்தோணியம்மாள் என்று ஓர் அம்மாள். ஒதியம்பட்டிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஆபீசுக்கு நடந்து வருவாள். அவள் வீட்டுக்காரர் சைகோனில் சிறைக் காவலர். ஒரே பெண், எலிஸ். எலிஸை சவரிநாதன் என்கிற பையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பையன் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தா, அதாவது சிப்பாய், ஆகிவிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் கப்பல். போனால் மூன்று வருஷத்துக்குத் திரும்ப முடியாது. அதற்குள் கல்யாணம் நடக்க வேண்டும்.

அவர்கள் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிய குடும்பம். அதனால் முதலில் மேரியில், அதாவது கொம்யூன் ஆபீசில், மேர் என்கிற தலைவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அது ஆகாமல் மாதா கோவிலில் சாமியார் மோதிரத்தைத் தொடக்கூட மாட்டார். பெண்ணுக்கு இருபத்தொரு வயசு ஆகவில்லை. தகப்பன் உயிரோடு இருப்பதால் அவருடைய ஒப்புதல் எழுத்தில், கையெழுத்தும் முத்திரையுமாக வர வேண்டும். தந்தி செல்லாது. அவரும் எழுதிவிட்டார். "ஒப்புதல் விமானத்தில் போட்டாயிற்று" என்று அவர் அடித்த தந்தியை நான்தான் அந்தோணியம்மாளுக்குப் படித்துச் சொன்னேன். அந்த அம்மாள் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே போனாள்.

சைகோன் விமானம் கல்கத்தாவில் இறங்கும். அங்கே எங்கள் பையை இறக்கி ரயிலில் ஏற்றுவார்கள். இதுதான் வழக்கம்.

புதன்கிழமை காலை பெரிய ஆபீசிலிருந்து டெலிபோன். பேசியவர் புதுச்சேரியில் விமானத் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள். அவர் பெயரையும் விட்டுவிடுகிறேன். அதிகம் பேசாதவர், பேசினாலும் பாதி வார்த்தையை வாயிலேயே வைத்துக்கொள்பவர். எங்கேயோ யாரோ அடுக்கும்போது நம் பை பிரான்சு போகும் பைகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டதாம். கல்கத்தாவில் இறங்கவில்லை. விமானம் இன்று விடிகாலை ஐந்து மணிக்குப் பையோடு கிளம்பிவிட்டது. இனி கராச்சியில்தான் இறங்கும். கராச்சியிலிருந்து வியாழக்கிழமை விடிந்ததும் ஒரு சின்ன விமானம் மதராசுக்குப் புறப்படும். அதைப் பிடித்தால் பை வெள்ளிக்கிழமை மதராஸ், சனிக்கிழமை காலை நம் ரயில். அதைத் தவறவிட்டால் அடுத்த சின்ன விமானம் கப்பல் போன பிறகுதான். இவ்வளவையும் அவர் நாலு வாக்கியத்தில் சொல்லி வைத்துவிட்டார்.

அந்தோணியம்மாள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். மறைக்க முடியவில்லை, சொன்னேன்.

"கராச்சி எங்க இருக்குது தம்பி?"

"வடக்க அக்கா."

"கல்கத்தாவும் வடக்கன்னுதான சொன்ன?"

"அதுவும் வடக்கதான்."

"ரெண்டும் வடக்கன்னா பக்கத்துப் பக்கத்துலதான இருக்கும்? எறங்கி நடந்து வந்து குடுத்துடக் கூடாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மேசையில் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, உங்கிட்ட சொல்றதுக்கு இன்னா. மூணு வருஷம் காத்துக்கிட்டு இருக்கற நெலமையில எம் பொண்ணு இல்லப்பா. மூணு மாசம்."

நான் முத்திரைக் கட்டையை எடுத்து வைத்து, மறுபடியும் எடுத்து வைத்தேன்.

மேரியில் கேட்டுக்கொண்டுதான் அவள் வந்திருந்தாள். கடிதம் வராவிட்டால் இன்னொரு வழி இருந்தது. புதுச்சேரி கோர்ட்டில் மனுக் கொடுத்தால் நீதிபதி அனுமதி தரலாம். ஆனால் மனுவை இன்றைக்கே, புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். அப்போதுதான் வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வரும். அதிலே இவ்வளவு அவசரம் ஏன் என்று காரணம் எழுத வேண்டும். பெண்ணும் வந்து நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை அதை எல்லார் முன்னாலும் உரக்கப் படிப்பார்கள். அந்தக் கோர்ட்டு வாசலில் எந்நேரமும் எங்கள் கொம்யூன் ஆள்கள் பத்துப் பேராவது நிற்பார்கள்.

"அதனால நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. காயிதம் வருமா, வராதா? வரும்னா நான் வூட்டுக்குப் போறன். வராதுன்னா கோர்ட்டுக்குப் போறன். மானம் போனாலும் போவட்டும், புள்ளைக்கு அப்பன் வோணும்."

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? "தெரியல அக்கா" என்று சொல்லியிருக்கலாம். அது என் வாயில் வரவில்லை. முப்பது வயசில் ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வராது. "இருங்க, கணக்குப் பண்ணிச் சொல்றேன்" என்றேன்.

டெலிபோனைச் சுற்றினேன். லைன் கரகரவென்றது. பெரிய ஆபீஸ்காரர் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போலக் கேட்டது.

"கல்கத்தாலேர்ந்து கராச்சி எவ்ளோ மணி?" என்று கத்தினேன்.

"பதினெட்டு மணி."

"எவ்ளோ தூரம்?"

"ரெண்டாயிரத்து எரநூத்தம்பது கல்லு."

லைன் அறுந்துவிட்டது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நானும் வைத்துவிட்டேன்.

பதினெட்டு மணி. அந்த நாளில் எங்கள் தபால் விமானம் பகலில்தான் பறக்கும். விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினது, பதினெட்டு மணி நேரம் ஒரு பகலில் எப்படி அடங்கும்? வழியில் எங்கேயோ இராத் தங்கிவிட்டு வியாழக்கிழமை மத்தியானம்தான் கராச்சி போய்ச் சேரும். சின்ன விமானம் விடிந்ததுமே போய்விடும். அரை நாளில் தப்பிவிடுகிறது.

இவ்வளவு பெரிய விஷயத்தில் ஒரு பேச்சை மட்டும் நம்பக் கூடாது என்று எனக்கும் தோன்றியது. நான் ஒன்றும் அசட்டையாக இருந்துவிடவில்லை, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த அம்மாளை உட்காரச் சொல்லிவிட்டு எதிரே ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் பிரிட்டிஷ்காரர்களுடையது. ஸ்டேஷன் மாஸ்டர் இங்கிலீஷ் பேப்பர் வாங்குகிறவர், விமானம் என்றால் பைத்தியம், படத்தை வெட்டி வைப்பவர்.

"சார், சைகோன் விமானம் எவ்ளோ வேகம் போவும்?"

"மணிக்கு நூத்தி இருபத்தஞ்சு மைல் போறதா போட்டிருக்கான்" என்றார். "ஏன் கேக்கறீர்?"

"கல்கத்தா, கராச்சி ரெண்டாயிரத்து எரநூத்தம்பது சார்."

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "அவ்வளவு இருக்காதே ஐயா. ஆயிரத்து நானூறுன்னு படிச்ச ஞாபகம்."

"எங்க பெரிய ஆபீஸ்லயே சொன்னாங்க சார்."

"அப்ப சுத்திண்டு போறதோ என்னவோ."

சுற்றிக்கொண்டுதான் போகும் என்று எனக்கும் பட்டது. பிரிட்டிஷ்காரன் புத்தகம் பழசாக இருக்கும் என்றும் பட்டது. அங்கேயே ஒரு பார்சல் தாளின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன். இரண்டாயிரத்து இருநூற்றைம்பதை நூற்றிருபத்தைந்தால் வகுத்தால் பதினெட்டு. மீதியே இல்லை. அரை இல்லை, கால் இல்லை, சுளையாகப் பதினெட்டு.

எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது தெரியுமா! இரண்டு பக்கத்திலிருந்து வந்து ஒரே இடத்தில் நிற்கிற கணக்கு. இதற்கு மேல் என்ன வேண்டும்? தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து வந்தேன்.

"வராது அக்கா. ரெண்டு தடவ பாத்துட்டேன். பதினெட்டு மணி நேரம். வியாழக்கெழம மத்தியானம்தான் போய்ச் சேரும்."

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். "சரிப்பா. நீ தெளிவா சொல்லிட்ட, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அரை மணி கழித்து ஒரு ஜட்கா வண்டி ஆபீஸ் வாசலைக் கடந்து புதுச்சேரி ரோட்டில் போனது. உள்ளே எலிஸ் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.

சாப்பாட்டுக்கு மூடிய ஆபீசை மத்தியானம் இரண்டு மணிக்குத் திறக்க வேண்டும். திறந்ததும் பதிவேட்டில் நேரம் எழுத வேண்டும். பிரெஞ்சு ஆபீசில் மத்தியானம் இரண்டு என்று எழுத முடியாது. பதினாலு மணி என்றுதான் எழுத வேண்டும். ஐந்து வருஷமாகத் தினமும் எழுதுகிறேன், கை தானாகப் போகும். அன்றைக்கும் "14" என்று எழுதினேன். பேனாவை எடுக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டேன்.

பதினாலு மணி என்றால் மத்தியானம் இரண்டு. பதினைந்து மூன்று. பதினெட்டு?

பதினெட்டு மணி என்றால் சாயங்காலம் ஆறு.

அந்த மனுஷன் எனக்கு என்ன சொன்னார்? எவ்வளவு நேரம் பறக்கும் என்றா, எத்தனை மணிக்கு இறங்கும் என்றா? நான் என்ன கேட்டேன்? "எவ்ளோ மணி" என்று கேட்டேன். அது இரண்டுக்கும் பொருந்துகிற கேள்வி. ஆனால் வகுத்துப் பார்த்ததும் பதினெட்டுதானே வந்தது? அது எப்படிப் பொய்யாகும்? சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தேன். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நான் பைத்தியமா, தாள் பைத்தியமா என்று தெரியவில்லை.

டெலிபோனைச் சுற்றினேன். லைன் இல்லை. மறுபடியும் சுற்றினேன். ஒன்றரை மணி நேரம் சுற்றியிருப்பேன். மணியார்டர் வாங்க வந்த ஒரு கிழவர் பயந்துபோய் அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் பானைக்குள் இருந்து குரல் வந்தது.

"கராச்சில பதினெட்டு மணிக்கா, பதினெட்டு மணி நேரமா?" என்று கத்தினேன்.

"இன்னாய்யா கேக்கற? பதினெட்டு மணிக்கு எறங்கும். இன்னிக்கு சாயந்தரம். ரெண்டு எடத்துல எறங்கி எண்ணெ போட்டுக்கினு போவும்."

"ரெண்டாயிரத்து எரநூத்தம்பது கல்லுன்னு சொன்னீங்களே, அது மைலா?"

"மைலா? நீ எந்த கவர்மெண்ட்ல வேல பாக்கற? கிலோமீட்டர்யா!"

கிலோமீட்டரை மைலின் வேகத்தால் வகுத்திருக்கிறேன். வந்த பதினெட்டு வெறும் தற்செயல். ஒரு தப்பு இன்னொரு தப்புக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது, நானும் நம்பிவிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர் சொன்ன ஆயிரத்து நானூறு மைலும் இந்த இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரும் ஒரே தூரம்தான். அவர் உண்மையைக் கையில் கொடுத்தார். நான்தான் வாங்கவில்லை.

"பை சின்ன விமானத்த புடிச்சுடுமா?" என்று கேட்டேன்.

"வானம் நல்லா இருந்தா புடிக்கும். நான் கராச்சிக்குத் தந்தி குடுத்துட்டேன், பையத் தேடி எடுத்து ஏத்துன்னு. பதில் அவன் எறங்கின பொறவுதான் வரும்" என்றார். அவரிடம் கோர்ட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லலாமா என்று நினைத்தேன். யாரைத் தேடச் சொல்வது, என்ன சொல்லித் தேடச் சொல்வது? ஒரு பெண்ணின் ரகசியத்தை டெலிபோனில் கத்துவதா? வைத்துவிட்டேன்.

ஆபீஸ் நேரத்தில் ஆபீசைப் பூட்டுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பூட்டினேன். சைக்கிளை எடுத்தேன். புதுச்சேரி பத்துக் கல், கிலோமீட்டர்க் கல்தான், மிதித்தேன். வழியெல்லாம் ஒரே குழப்பம். காலையில் வராது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவன் இப்போது வரும் என்று போய் நிற்கப் போகிறேன். வானம் கெட்டுப் போனால்? பை மறுபடியும் அடியில் மாட்டிக்கொண்டால்? கோர்ட்டு ஐந்து மணிக்கு மூடும். விமானம் ஆறு மணிக்குத்தான் இறங்கும். நிச்சயமாகத் தெரிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவர்கள் முடிவு செய்தாக வேண்டும். போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. மனுவாவது கையில் இருக்கும், கல்யாணம் எப்படியும் நடந்துவிடும். ஆனால் தெரிந்த பிறகு சொல்லாமல் இருந்தால் அது இன்னும் பெரிய பொய் இல்லையா? இதற்கு இன்றுவரை எனக்குச் சரியான பதில் தெரியாது. கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது.

கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நின்றார்கள். மனு எழுதி முடிந்து அந்தோணியம்மாள் கையில் இருந்தது. நீட்ட வேண்டியதுதான் பாக்கி, அவளுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். நான் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

"அக்கா, நான் சொன்னது தப்பு. இன்னிக்கு சாயந்தரமே எறங்கிடும். வரும்னு நெனக்கிறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காலையில வராதுன்ன. இப்ப வரும்ன்ற. நான் எத்தப்பா நம்பறது?"

"கணக்கு தப்பாப் போச்சுக்கா. மணிய நேரம்னு நெனச்சிட்டேன். கிலோமீட்டர மைலுன்னு நெனச்சிட்டேன்."

"அதெல்லாம் எனக்கு இன்னாத்துக்கு? இப்ப அந்த ஏரோப்ளான் எங்க இருக்குது?"

"முக்கால்வாசி தாண்டியிருக்கும்."

"நீ பாத்தியா?"

"இல்லக்கா."

"யாரு பாத்தாங்க?"

"யாரும் பாக்கல. எனக்கு நிச்சயமாத் தெரியாது அக்கா. வரும்னு தோணுது, அவ்ளோதான். தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுடுங்க."

காலையில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை சாயங்காலம் நாலரை மணிக்கு வந்தது. அந்தோணியம்மாளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்துவிட்டன. "படிச்சவன் நீயே இப்படி மாத்தி மாத்திப் பேசினா நாங்க எங்கடா போறது" என்றாள். முன்னால் நின்ற இருவரும் உள்ளே போய்விட்டார்கள். கதவருகே நின்ற சேவகன் "அடுத்து யாரு?" என்றான்.

அதுவரை தலையைத் தூக்காத எலிஸ் தூக்கினாள்.

"வூட்டுக்குப் போலாம்மா."

"இன்னாடி சொல்ற?"

"காலையில அண்ணன் தெளிவா சொன்னாருன்னு நீதான சொன்ன. மூஞ்சி தெளிவா இருந்துச்சுன்ன. இப்பப் பாரு, பயந்துபோய் நிக்கறாரு. பத்துக் கல்லு வெயில்ல சைக்கிள் மெதிச்சிக்கினு வந்து, தெரியாதுன்னு சொல்றாரு. இப்ப சொல்றதுதாம்மா நெசமா இருக்கும்."

பத்தொன்பது வயசுப் பெண். அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அம்மாளின் கையிலிருந்த மனுவை அவளே வாங்கி நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். சேவகன் மறுபடியும் கூப்பிட்டான். யாரும் போகவில்லை. ஐந்து அடித்ததும் கதவைச் சாத்தினார்கள்.

அந்த வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நான் எப்படி இருந்தேன் என்பதை விட்டுவிடுகிறேன். கராச்சியிலிருந்து வந்த பதிலில் பை ஏற்றப்பட்டதாக ஒரு வரி இருந்தது. ஆனால் எந்தப் பை என்று அதில் இல்லை. அதை நூறு தடவை படித்தேன். படிக்கப் படிக்க அது வேறு யாருடைய பையோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அந்தோணியம்மாளிடம் அந்த வரியை அப்படியே படித்துக் காட்டினேன். என் கருத்து எதையும் சேர்க்கவில்லை.

சனிக்கிழமை காலை ரயில் வந்தது. எங்கள் ஸ்டேஷனில் நின்றது. அரக்கு வைத்த பை உள்ளே கிடந்தது, என் கைக்கு எட்டும் தூரத்தில். ஆனால் அதைப் பெரிய ஆபீசில்தான் பிரிக்கலாம். பிரித்து, பதிந்து, மறுநாள்தான் எங்களுக்குத் திருப்பி அனுப்புவார்கள். அரக்கை உடைத்துவிடலாம் என்று கை துடித்தது. உடைத்து எடுத்த காகிதத்தை மேரியில் ஏற்பார்களா? அந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. பையோடு நானும் ரயில் ஏறினேன். அந்த வாரத்தில் இரண்டாவது தடவையாக ஆபீஸ் பூட்டிக் கிடந்தது.

பெரிய ஆபீஸ்காரர் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் முதலில் அந்தப் பையைப் பிரித்தார். மேலேயே இருந்தது, சைகோன் முத்திரையோடு. பதிந்து என் கையில் கொடுத்துவிட்டு அப்புறம்தான் பேசினார்.

"ஆபீச பூட்டிட்டு வந்தியா?"

"ஆமாங்க."

"அன்னிக்கும்?"

"ஆமாங்க."

"எழுதித்தான் ஆவணும். எழுதுவேன்" என்றார். பதிவேட்டை மூடி வைத்தார். "நானும் ஒரு 'க்கு' போட்டுச் சொல்லியிருக்கணும். அதையும் சேத்து எழுதறேன். இனிமே கணக்கு ரொம்ப சுத்தமா வந்துச்சுன்னா எனக்கு இன்னொரு தடவ போன் பண்ணு."

என் முப்பத்து நாலு வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த பாடம் அவ்வளவுதான். எழுதினார், இருவருக்கும் கண்டனம் வந்தது. எனக்கு வந்த அந்தத் தாளையும், வகுத்துப் பார்த்த பார்சல் தாளையும் நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அவருடைய சைக்கிளைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். மேர் பன்னிரண்டு மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். நான் மேரிக்குள் நுழைந்தபோது பதினொன்றரை, எல்லாரும் அங்கேயே காத்திருந்தார்கள். காகிதத்தைப் படித்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார், தலையை ஆட்டினார். எலிஸ் கையெழுத்துப் போட்டபோது பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கோவிலுக்குப் போனார்கள். சாயங்காலம் சவரிநாதன் கப்பல் ஏறினான், எலிஸின் கணவனாக.

ஊர் என்னை விடுமா? ஸ்டேஷன் மாஸ்டர் வாயைத் திறந்துவிட்டார். விமானம் எப்போது இறங்கும் என்று தெரியாமல் ஆபீசைப் பூட்டிக்கொண்டு சைக்கிளில் அலைந்தவன் என்று கதை பரவியது. புதன்கிழமை கோர்ட்டுக்கு ஏன் ஓடினேன் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. எனக்குப் "பதினெட்டு மணி" என்று பெயர் வைத்தார்கள். கார்டு வாங்க வருகிறவன்கூட "இன்னா பதினெட்டு மணி, சவுக்கியமா?" என்பான். கூட்டல் போடும்போது பக்கத்தில் நின்று எண்ணுவான். ஏழு மாதமாக அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏழு மாதம் கழித்து ஒருநாள் எலிஸ் ஆபீசுக்கு வந்தாள், கையில் குழந்தையோடு. பெண் குழந்தை. புருஷனுக்குக் கடிதம் போட வந்திருந்தாள். பின்னால் வரிசையில் ஏம்பலத்துப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, ஊர் வம்பையெல்லாம் முடிந்து வைத்துக்கொள்கிறவள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு விரலை மடக்கத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆபீசில் இருந்த நாலைந்து பேரும் அந்த விரல்களையே பார்த்தார்கள். எலிஸ் முகத்தில் ரத்தம் இல்லை.

"ஏம்பா," என்றாள் அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணு காயிதத்த நீதான சைக்கிள்ல கொண்ணாந்து குடுத்த? அது நடந்து இப்ப ஏழு மாசந்தான ஆவுது?"

நான் தலையை நிமிர்த்தவில்லை. எலிஸின் கடிதத்தில் முத்திரையைக் குத்தினேன்.

"இன்னா ஆயா, என்னப் போய்க் கணக்குக் கேக்கற?" என்றேன். "மணியே எனக்குச் சரியா வராதுன்னு ஊருக்கே தெரியும். மாசமா வரப் போவுது? ஒம்போது இருக்கும், பத்துகூட இருக்கும்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "பதினெட்டு மணிகிட்ட கேட்டியே" என்று ஒருவன் அந்த அம்மாளையே கேலி செய்தான். அவளுக்கு விரல் எங்கே நின்றது என்று மறந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து மடக்கிப் பார்த்தாள், எண்ணிக்கை வரவில்லை, கையை உதறிவிட்டாள்.

எலிஸ் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே நின்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வரண்ணா," என்றாள், "பதினெட்டு மணி."

அந்தப் பெயருக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக "சரிம்மா" என்று பதில் சொன்னேன்.